மாமிக்கு ஒதுக்கிய இடம்

எங்கள் ஊரில் ஒரு மருமகனுக்கு என்ன தொழில் என்பதை, காலையில் எத்தனை மணிக்கு அவர் கேட்டைத் திறந்துகொண்டு வெளியே போகிறார் என்பதை வைத்தே முடிவு செய்வார்கள். சுபஹு தொழுத கையோடு போனால் வயல் அல்லது மீன் வியாபாரம். ஏழு மணிக்குப் போனால் பள்ளிக்கூடம். ஒன்பதுக்குப் போனால் கடை. நான் போவதே இல்லை. மனைவிக்குச் சீதனமாகக் கட்டிக் கொடுத்த வீட்டின் முன்னறையில், மின்விசிறிக்குக் கீழே லெப்டொப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஆகவே நான் தொழில் இல்லாதவன்.

உண்மையில் எனக்கு ஒரு தொழில் இருந்தது, இருக்கிறது. நீங்கள் போனில் ஏதோ ஒரு விளம்பரத்தைப் பார்க்கிறீர்கள், கை சும்மா இராமல் அதை அமத்துகிறீர்கள், உடனே ஒரு பக்கம் திறக்கிறது அல்லவா? அதற்கு லேண்டிங் பேஜ் என்று பெயர். விமானம் வந்து இறங்குவது போல வாடிக்கையாளர் வந்து இறங்கும் இடம். இறங்கியவரைத் திரும்பிப் பறக்க விடாமல் பிடித்து, பெயரையும் போன் நம்பரையும் வாங்கி, கடைசியில் காசு கட்ட வைப்பதுதான் அந்தப் பக்கத்தின் வேலை. அந்தப் பக்கத்தைச் செய்வது என் வேலை.

இதை நான் ஒரு வெளிநாட்டு வகுப்பில் காசு கட்டிப் படித்தேன். ஒவ்வொரு வீடியோவிலும் ஒரு வெள்ளைக்காரர் கையை ஆட்டி ஆட்டி மனித மனத்தைப் பற்றிப் பேசுவார். மனிதன் யோசித்து வாங்குவதில்லை, பயந்து வாங்குகிறான் என்பார். முடியப்போகிறது என்றால் ஓடி வருவான். பக்கத்து வீட்டுக்காரன் வாங்கிவிட்டான் என்றால் தானும் வாங்குவான். ஒரு சின்ன விசயத்துக்கு 'ஓம்' சொல்ல வைத்துவிட்டால், பெரிய விசயத்துக்கும் அவனே 'ஓம்' சொல்லுவான். நான் இதையெல்லாம் கொப்பியில் எழுதி எழுதிப் படித்தேன். மனித மனம் முழுவதும் என் கொப்பிக்குள் வந்துவிட்டது என்றுதான் அப்போது நினைத்தேன். அதே வீட்டின் பின்பக்கம் இருந்த மாமியின் மனம் எந்தப் பாடத்தில் வருகிறது என்று தேடிப் பார்க்கவில்லை.

மாமி என்றால் என் மனைவியின் உம்மா. மாமா மவுத்தாகிச் சில வருடங்கள் ஆகின்றன. எங்கள் பக்கத்தில் மருமகன் பெண் வீட்டுக்கு வந்து இருப்பதுதான் வழக்கம், ஆனால் மாமியும் மருமகனும் முகம் பார்த்துக் கதைப்பது வழக்கமில்லை. மார்க்கத்தில் அதற்குத் தடை ஒன்றும் கிடையாது. ஊர் வெட்கம், அவ்வளவுதான். நான் சாப்பிட உட்கார்ந்தால் மாமி கதவுக்குப் பின்னால் நிற்பார். "இன்னும் கொஞ்சம் கறி வைக்கட்டாமா எண்டு கேளு மகள்" என்பார். மகள் என்னிடம் கேட்பாள். நான் "போதுமெண்டு சொல்லுங்க" என்பேன். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சொல்வது தெளிவாகக் கேட்கும் தூரத்தில்தான் இருப்போம். ஆறு வருடங்களாக இப்படி மனைவியின் வாய் வழியாகத்தான் எங்கள் உறவு நடந்தது.

என்னைப் பற்றி மாமி வெளியே என்ன சொன்னார் என்பது மட்டும் எனக்கு நேரடியாகவே வந்து சேர்ந்தது. சின்ன ஊர். "போனை நோண்டுற மருமகன்" என்பது நான் அறிந்த பட்டங்களில் மரியாதையானது.

இந்த நிலையில்தான் கல்முனையில் மக்காவுக்கு, உம்ராப் பயணத்துக்கு, ஆள் அனுப்பும் ஒரு ஹாஜியார் என்னைக் கூப்பிட்டார். அவருடைய பயணக் குழுவுக்கு ஒரு பக்கம் வேண்டுமாம். எனக்குக் கிடைத்த முதல் உள்ளூர் வேலை அது. என் தொழில் என்னவென்று ஊருக்கே தெரியப்போகிறது என்ற சந்தோசப் புளுகத்தில் கூலியைக்கூடச் சரியாகப் பேசவில்லை.

வேலை தொடங்கிய அன்றைக்கே மனித மனமும் ஹாஜியாரும் மோதிக்கொண்டார்கள். பொத்தான் சிவப்பாக இருந்தால்தான் ஆட்கள் அமத்துவார்கள் என்று நான் படித்திருந்தேன். "உம்ராவுக்குச் சிவப்பா? பச்சையப் போடு தம்பி" என்றார். பொத்தானைப் பார்த்தபடி ஒரு முகம் இருந்தால் பார்ப்பவரின் கண்ணும் அங்கே போகும், அதுவும் சிரிக்கிற பெண் முகமென்றால் நல்லது என்று அடுத்த பாடத்தை எடுத்துவிட்டேன். ஹாஜியார் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு "பள்ளி மினாராவப் போடு" என்றார். மினாரா எந்தப் பக்கமும் பார்க்காது. போட்டேன்.

மற்ற வித்தைகளை அவருக்குத் தெரியாமல் வைத்தேன். பக்கத்தின் மேலே ஒரு மணிக்கூடு. 'இந்தச் சலுகை முடிய இன்னும் பதினைந்து நிமிடங்கள்' என்று விநாடி விநாடியாகக் குறைந்துகொண்டு போகும். பூச்சியத்துக்கு வந்ததும் மறுபடியும் பதினைந்திலிருந்து தொடங்கும், அது வேறு கதை. கீழே ஒரு மூலையில் சின்னப் பெட்டி ஒன்று அடிக்கடி எட்டிப் பார்க்கும்: 'சாய்ந்தமருதிலிருந்து ஒரு சகோதரி இப்போதுதான் பதிவு செய்தார்.' அப்படி ஒரு சகோதரி உலகத்திலேயே இல்லை. பக்கத்தை மூட நினைப்பவருக்கு இரண்டு பொத்தான்கள். ஒன்று, 'ஓம், என் பெயரைச் சேருங்கள்.' மற்றது, 'வேண்டாம், எனக்கு மக்காவைப் பார்க்க ஆசையில்லை.' இந்தக் கடைசி வரியை எழுதிவிட்டு நானே என் முதுகைத் தட்டிக்கொண்டேன்.

பக்கம் வெளியே போன முதல் நாளே மணிக்கூடு வேலை செய்தது. நாவிதன்வெளிப் பக்கம் வயலில் நின்ற ஒரு விவசாயி போனைப் பார்த்திருக்கிறார். பதினைந்து நிமிடம் என்றதும் காலில் சேறோடு மோட்டார் சைக்கிளில் ஏறி, நேராக ஹாஜியாரின் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். "முடிஞ்சிட்டா ஹாஜியார்?" என்று மூச்சு வாங்கக் கேட்டாராம். ஹாஜியார் பாவம், என்ன ஏது என்று தெரியாமல், "இல்லையே, நிறைய இடம் கிடக்கு" என்று உண்மையைச் சொல்லிவிட்டார். "அப்ப அவசரமில்ல, வயல் வெட்டு முடிய வாறன்" என்று அந்த மனிதர் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வயலுக்குத் திரும்பிப் போனார்.

சாய்ந்தமருதுச் சகோதரி அதைவிடப் பெரிய தொல்லை கொடுத்தார். பக்கத்து ஊர்க்காரி பதிவு செய்தால் மற்றவர்களும் பதிவு செய்வார்கள் என்பது பாடம். எங்கள் ஆட்கள் பதிவு செய்யவில்லை, போன் எடுத்தார்கள். "ஆரு அது? ஆர்ர பொண்டாட்டி? எந்தக் குறிச்சி?" சாய்ந்தமருதில் நிக்காஹ் முடித்தவர்கள், சாய்ந்தமருதில் பிள்ளையைக் கொடுத்தவர்கள் என்று ஒருவர் மாறி ஒருவர் கேட்டார்கள். ஹாஜியாரின் மனைவியே அவரைப் பிடித்து, "என்னட்டயும் மறைக்கிறயளா?" என்று கோபித்துக்கொண்டாராம். நான் சகோதரியைக் காத்தான்குடிக்கு மாற்றினேன். அங்கேயும் எல்லாருக்கும் சொந்தம் இருந்தது. கடைசியில் கொழும்புக்கு அனுப்பினேன். அதற்குப் பிறகு யாரும் அவரைக் கண்டுகொள்ளவில்லை.

ஆனால் அந்த ஆசையில்லைப் பொத்தான் இருக்கிறதே, அது என் எதிர்பார்ப்பையெல்லாம் தாண்டியது. ஈமான் உள்ள எவர் அதை அமத்துவார்? ஒருவரும் அமத்தவில்லை. போனை நிறுத்தினால் போதும் என்ற யோசனை யாருக்கும் வரவில்லை, வந்தாலும் அது குற்றம் என்று நினைத்திருப்பார்கள். மற்றப் பொத்தானை அமத்திப் பெயரைக் கொடுத்துவிட்டுத் தப்பினார்கள். பெயர்கள் வந்து குவிந்தன. ஹாஜியார் வாயெல்லாம் பல்லாக ஒவ்வொருவருக்கும் போன் எடுத்தார். எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: "இன்ஷா அல்லாஹ்."

எங்கள் ஊரில் ஒரு நல்ல காரியத்துக்கு 'இல்லை' என்று யாரும் சொல்லமாட்டார்கள். இன்ஷா அல்லாஹ் என்பார்கள். சொல்கிற தொனியில் மூன்று நான்கு வகை இருக்கிறது. ஒன்றில் மட்டும்தான் ஆள் வருவார். ஹாஜியாருக்குக் கிடைத்ததெல்லாம் மற்ற வகைகள்.

"பேர் வந்த அளவுக்கு ஆள் வரல்லியே தம்பி" என்றார். நான் அசரவில்லை. அதற்கும் ஒரு பாடம் இருந்தது. ஆளைக் காசு கட்டச் சொல்லாதே. காசு கட்டியவர் எப்படி நடப்பாரோ அப்படி முதலில் நடக்க வை. சின்னச் சின்னதாக நாலு காரியம் செய்துவிட்டார் என்றால் பிறகு பின்வாங்க அவருக்கே மனம் வராது. ஆகவே பெயர் கொடுத்த எல்லாருக்கும், ஒரு நாள் விட்டு ஒரு நாள், தானாகவே போகும் குறுஞ்செய்திகள் சிலவற்றை எழுதினேன். நன்றாகவே எழுதினேன் என்று சொல்ல வேண்டும்.

முதலாவது: 'வாழ்த்துக்கள்! அல்லாஹ்வின் விருந்தாளிகளின் பட்டியலில் உங்களுக்கு ஓர் இடம் ஒதுக்கப்பட்டுவிட்டது.' இதன் கீழே உடன் வருபவர் யார் என்பதும் தானாகவே சேர்ந்துகொள்ளும். இரண்டாவது: 'இத்தனை வருடம் குடும்பத்துக்காக உழைத்துக் களைத்த உங்களுக்கே உங்களுக்கான பயணம் இது.' மூன்றாவது: 'புறப்படுமுன் மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள் யாராவது இருக்கிறார்களா? இன்றே ஒருவரிடம் போங்கள்.' நான்காவது: 'கஃபாவைச் சுற்றி வரும் தவாபுக்குக் கால்களைப் பழக்குங்கள். சுபஹுக்குப் பிறகு சற்று நடந்து பாருங்கள்.' காசைப் பற்றிய பேச்சு கடைசிச் செய்தியில்தான் வரும்.

இதெல்லாம் சரியாகப் போகிறதா என்று சோதித்துப் பார்க்க வேண்டுமே. என் நம்பரை ஏற்கெனவே பாவித்துவிட்டேன். மனைவியின் நம்பரையும் பாவித்துவிட்டேன். ஒரே நம்பரை இரண்டாம் முறை கொடுத்தால் அது எடுக்காது. எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த மூன்றாவது நம்பர் மாமியுடையது, ஏனென்றால் அதற்கு ரீலோட் போடுவது நான்தான். மாமியின் பெயர், மாமியின் நம்பர். 'உடன் வருபவர்' என்ற இடத்தில் 'மருமகன்' என்று அடித்தேன். பச்சைப் பொத்தானை அமத்தினேன். திரையில் வாழ்த்துக்கள் என்று வந்தது. வேலை செய்கிறது என்று திருப்தியாகி, அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். சோதனைக்குப் போட்ட பெயரை அழிக்க வேண்டும் என்பதை மறந்துபோனேன்.

அடுத்து வந்த நாட்களில் என் சாப்பாடு மாறியது. அதுவரை எனக்கு முட்டைப் பொரியலாவது கிடைத்தால் பெரிய காரியம். இப்போது கோழிக் கறி, நெய்ச்சோறு, பின்னேரம் தேத்தண்ணியோடு ஒரு தட்டு நிறையப் பலகாரம். கதவுக்குப் பின்னாலிருந்து குரலும் மாறியது. "மருமகனுக்கு மின்விசிறிக் காத்து காணுமாமா எண்டு கேளு மகள்." ஹாஜியாரின் பக்கத்தைச் செய்தது நான்தான் என்பது மாமியின் காதுக்கு எட்டிவிட்டது போலும், என் தொழிலுக்கு ஒருவழியாக மரியாதை வந்துவிட்டது என்று நினைத்தேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இரண்டாம் முறையும் கறி வாங்கினேன்.

மாமி விடிய எழும்பி வளவுக்குள் மதிலுக்கும் கிணற்றுக்கும் இடையே நடப்பதையும் கண்டேன். சீனி வருத்தத்துக்கு டொக்டர் சொல்லியிருப்பார் என்று விட்டுவிட்டேன். மனைவி பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள், பின்னேரம் வந்ததும், "எனக்கிட்ட சொல்ல ஏதாவது இரிக்கா?" என்று இரண்டு முறை கேட்டாள். "என்னத்தை?" என்றேன். சிரித்துக்கொண்டு போய்விட்டாள். நாலு வீடியோ பார்த்து மனித மனத்தைப் படித்தவன் நான். அந்தச் சிரிப்பை என்னால் வாசிக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒருவர் என்னைக் கட்டிப் பிடித்தார். திரும்பிப் பார்த்தால் மாமியின் மூத்த சகோதரி, ராத்தாவுடைய கணவர். எங்களுக்கு அடுத்த வீடு. ராத்தாவும் தங்கச்சியும் ஒரே வளவைப் பிரித்துக் கட்டியவர்கள். நடுவில் எழுப்பிய மதில் ஒரு சாண் யார் பக்கம் போனது என்ற தகராறில் பதினொரு வருடம் கதைக்காமல் இருந்தார்கள். நான் அந்தக் குடும்பத்துக்கு மருமகனாக வந்ததே அந்தச் சண்டைக்குப் பிறகுதான். அந்த மனிதர் என் முகத்தை அதுவரை நேராகப் பார்த்ததுகூட இல்லை.

"மருமகன், உங்கட மாமி ராவு எங்கட வீட்ட வந்தா" என்றார். "பயணம் சொல்ல வந்த. ராத்தாட கையப் புடிச்சி, எல்லாத்தயும் மன்னிச்சிரு, நான் மக்காக்குப் போறன், மருமகன்தான் கூட்டித்துப் போறார் எண்டு சொல்லிச் சொல்லி அழுத. ரெண்டு பேரும் அழுது ஓயல்ல. அவங்கட வாப்பாட மவுத்துக்குக்கூட சேராத ஆக்கள் மனே. நீங்க செய்த காரியத்துக்கு அல்லாஹ் உங்களுக்குப் பெரிய கூலி தருவான்."

எங்கள் பக்கத்தில் ஹஜ்ஜுக்கோ உம்ராவுக்கோ போகிறவர்கள் சொந்தக்காரர்களின் வீடு வீடாகப் போய், போகிறேன் என்று சொல்லி, பேசிய ஏசிய எல்லாவற்றுக்கும் மன்னிப்புக் கேட்டுவிட்டு வருவார்கள். அதைத்தான் பயணம் சொல்வது என்பார்கள். சும்மா ஒரு வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டுப் பிறகு போகாமல் இருக்க முடியாது. நான் எழுதிய மூன்றாவது குறுஞ்செய்தி எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஒரு கால் செருப்போடு நின்றேன்.

வீட்டுக்கு ஓடி வந்து பட்டியலைத் திறந்தேன். மாமியின் பெயர் இருந்தது. எல்லாச் செய்தியும் போயிருந்தது. கடைசி ஒன்றுதான் மிச்சம்: 'முற்பணம் கட்டாவிட்டால் உங்கள் இடம் இன்னொருவருக்குப் போய்விடும்.' அது மறுநாள் காலையில் போக இருந்தது. மாமியின் பெயரை அழித்தேன். பட்டியலிலிருந்து அழிக்க ஒரு விநாடி போதுமாக இருந்தது. ஆனால் மாமி அதற்குள் எத்தனை வீடு ஏறி இறங்கிவிட்டார் என்பது எனக்குத் தெரியாது.

காசைக் கட்டிக் கூட்டிக்கொண்டு போய்விடலாமா என்று யோசிக்காமல் இல்லை. இரண்டு பேருக்கான செலவு, இந்தத் தொழிலில் நான் அதுவரை கண்ட எல்லாக் காசையும் விட அதிகம். ஹாஜியாரிடம் போனேன். நடந்ததைச் சொல்லி, "கொஞ்சம் பாத்துச் செய்ய ஏலுமா ஹாஜியார், பிறகு வேலை செய்து கழிச்சித் தாறன்" என்றேன். மிகவும் பரிவோடு கேட்டார். என் தோளைத் தட்டினார்.

"இன்ஷா அல்லாஹ்" என்றார்.

எந்த வகை என்று எனக்கு விளங்கியது.

மனைவியிடம் சொன்னேன். முதலில் விளங்காதவள் போலப் பார்த்தாள். பிறகு அவளுடைய முகம் மாறியதை நான் எழுதப்போவதில்லை. "உம்மா உங்களுக்குக் காட்டிக்கொள்ளாம இருந்த. மருமகன் வாயால சொல்லட்டும், நீ கேட்டுக் கெடுத்துப்போடாத எண்டு சத்தியம் வாங்கின" என்றாள். "உம்மாவப் பேய்க்காட்டிப்போட்டீங்க. நீங்களே போய்ச் சொல்லுங்க. இந்த முற நான் நடுவுல நிக்க மாட்டன்."

நான் எப்படிச் சொல்வது என்று முன்னறையில் உட்கார்ந்து ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். வசனம் எழுதியே பிழைக்கிறவனுக்கு ஒரு வசனம் வரவில்லை. அப்போது மாமி கதவைத் தாண்டி உள்ளே வந்தார். ஆறு வருடத்தில் முதல் தடவை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, எனக்கு எதிரே, நிலத்தைப் பார்த்தபடி நின்றார். நான் எழும்பி நின்றேன்.

"மருமகன், எல்லா ஊட்டயும் முடிச்சிட்டன். இனி நம்மட ஊடுதான் மிச்சம்" என்றார். "உங்களயும் நான் கனக்கப் பேசியிரிக்கன். வேலவெட்டி இல்லாதவர் எண்டு சொல்லியிரிக்கன். மகள்ர வாழ்க்கயக் கெடுத்துட்டன் எண்டும் சொல்லியிரிக்கன். சொன்ன ஊட்டுக்கெல்லாம் போய், நான் சொன்னது பிழ எண்டு சொல்லிட்டு வந்துட்டன். நீங்களும் மன்னிச்சிருங்க. நீங்க மெசேஜில எழுதி அனுப்பினயளே, குடும்பத்துக்கு ஒழச்சிக் களச்ச உங்களுக்கான பயணம் எண்டு. மாமா இருந்த காலத்துலயும் ஒருத்தரும் எனக்கு அப்பிடிச் சொன்னதில்ல மகன்."

மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான். என்னிடமே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஒரு மனுசி நிற்கிறார். தலை வெடித்துவிடும் போல வெட்கமாக இருந்தது. சொன்னேன். நம்பரைச் சோதனைக்குப் போட்டது, பெயரை அழிக்க மறந்தது, எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப அந்த மெசேஜெல்லாம்?"

"கம்பியூட்டர் அனுப்பின, மாமி."

"எனக்கு மட்டுமா?"

"இல்ல. பேர் குடுத்த எல்லாருக்கும் போன."

"ஒரே மாதிரியா?"

"பேர் மட்டும் மாறும்."

பயணம் இல்லை என்றபோது அசையாமல் நின்றவர், இதைக் கேட்டதும் பக்கத்திலிருந்த கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டார். என்னை ஏசியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "சரி மகன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அன்றே ஹாஜியாரின் பக்கத்திலிருந்து மணிக்கூட்டையும், கொழும்புச் சகோதரியையும், குறுஞ்செய்திகளையும் எடுத்தேன். ஆசையில்லைப் பொத்தானையும் எடுத்துவிட்டு, 'மூடு' என்று ஒரு சாதாரணச் சொல்லைப் போட்டேன். ஆட்கள் நிம்மதியாக மூடத் தொடங்கினார்கள். ஹாஜியார் கோபித்துக்கொண்டு வேறொருவரைப் பிடித்தார். இதை ஒரு தியாகமாக நான் சொல்லவில்லை. காலம் கடந்து செய்தால் தியாகமும் துப்புரவு வேலைதான்.

இரண்டு நாள் கழித்துப் பின்னேரம், ராத்தா எங்கள் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். பதினொரு வருடத்துக்குப் பிறகு அந்த வீட்டுக்குள் அவர் கால் வைத்தது அன்றுதான். கையில் ஒரு பொதி. வெள்ளைத் துணியில் புதிதாகத் தைத்த தொழுகை உடுப்பு. அடுத்த வீட்டில் இரண்டு நாளாகத் தையல் மெசின் சத்தம் கேட்டதன் காரணம் அதுதான். நான் முன்னறையில் இருந்தேன். ஜன்னலுக்கு வெளியே நடப்பதெல்லாம் எனக்குக் கேட்டது.

"இதப் போட்டுப் பாரு தங்கச்சி. எப்ப பயணம்? நாள் சொல்லிட்டாங்களா?" என்றார் ராத்தா.

ஊர் முழுக்க இனி என் பெயர் என்னாகும் என்பதுதான் முதலில் மனதில் ஓடியது. அதையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். மாமி உண்மையைச் சொன்னால் நான் அந்த ஊரில் தலை காட்ட முடியாது. மாமிக்கு அதைச் சொல்ல எல்லா உரிமையும் இருந்தது.

"இல்ல ராத்தா" என்று மாமியின் குரல் கேட்டது. "மருமகன் எல்லாம் சரிக்கட்டித்தான் வைச்சிருந்தவர். நான்தான் இப்ப வேணாமெண்டு சொல்லிட்டன். மகளுக்கு ஸ்கூல்ல சோதன வருது, ஊட்டப் பாக்க ஆளில்ல. அடுத்த வருசம் போவம் எண்டு நான்தான் நிப்பாட்டினன்."

"அல்லாஹ்வே, ஆசயாச் செய்த மனுசன். மனம் நொந்திரிப்பாரே."

"ஓம். நல்லா நொந்துட்டார்."

ராத்தா அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. ஊரும் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. நான் எழுந்து வெளியே போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீடு வீடாக ஏறி, பேசிய ஏசிய எல்லாவற்றுக்கும் மன்னிப்பு வாங்கிக்கொண்டு வந்த மனுசி அதற்குப் பிறகு சொன்ன முதல் பொய் அது. அதை எனக்காகச் சொன்னார்.